கொல்லைக்கு வந்த ஏழு பூனைகள்: எதை எப்போது செய்வது?

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனையில் கட்டிய தனி வீடு. முன்னால் கார் நிற்கும் போர்டிகோ. பின்னால் துவைக்கிற கல், ஒரு முருங்கை, நாலு வாழை. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், அவர்களுடைய மணல் குவியல் மதிலை ஒட்டிக் கிடக்கிறது. வெளி மாடிப்படிக்குக் கீழே பழைய பலகைகளும் உடைந்த பூந்தொட்டிகளும். அவற்றின் பின்னால் சாம்பல் வரிப் பெட்டை ஒன்று மூன்று குட்டிகளோடு இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, செம்பட்டை மூன்றும் கலந்த இன்னொரு பூனை சமையலறை ஜன்னலுக்குக் கீழே காத்திருக்கும். பெரிய தலையும் கிழிந்த காதுமாக ஒரு செம்பட்டைக் கடுவன் இரவில் வந்து கார் டயரிலும் செருப்பு ஸ்டாண்டிலும் மூத்திரம் அடித்துவிட்டுப் போகிறது. ஐந்து மாதம் மதிக்கத்தக்க கறுப்பு இளசு ஒன்றும் உண்டு. மொத்தம் ஏழு.

வீட்டில் மாமியார் மீன் தலையும் மிச்சச் சோறும் வைக்கிறார். மருமகளுக்கு நாலாம் மாதம். பூனை இருக்கும் வீட்டில் கர்ப்பிணி இருக்கலாமா என்று பயம். கார்க்காரருக்கு நாற்றம் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர். "கோணியில கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வந்துடுங்க" என்கிறார்.

இது குறிப்பிட்ட ஒருவருடைய வீடு அல்ல. தாம்பரம், ஆவடி, மேடவாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் நிலைமையை ஒரே மனைக்குள் வைத்துப் பார்க்கிறோம். இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி "வைத்துக்கொள்வதா, விரட்டுவதா?" என்பது. அதைவிட அவசரமான கேள்வி, அந்தக் குட்டிகளுக்கு இன்று எத்தனை வாரம் என்பது. பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்பட முடியும். நம் ஊர் வெயிலிலும் வெளிச்சத்திலும் ஆண்டின் பெரும்பகுதி பருவத்துக்கு வரும். பிடித்தவரும் பிடிக்காதவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும் இரண்டு மாதத்தில் அடுத்த ஈற்று வந்துவிடும்.

முதல் வாரம்: பார்த்து எழுதுவது

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறரைக்கும் கொல்லையில் கால் மணி நேரம் நின்றால் போதும். ஒவ்வொரு பூனையையும் இரண்டு பக்கமும் போனில் படம் பிடித்து வைக்க வேண்டும். சாம்பல் வரிப் பூனைகள் இரண்டு வந்து போனால் படம் இல்லாமல் வேறுபாடு தெரியாது. காதுகளைத் தனியாகப் பெரிதாக்கிப் பார்க்கவும். ஒரு காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தாலோ ஓரத்தில் சுத்தமாக நறுக்கு இருந்தாலோ அது ஏற்கெனவே கருத்தடை ஆன பூனை. சண்டையில் கிழிந்த காது ஒழுங்கில்லாமல் இருக்கும்.

மூன்று நிறம் கலந்தது ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். செம்பட்டையும் கறுப்பும் எக்ஸ் குரோமோசோமில் வருவதால் இரண்டும் சேர இரண்டு எக்ஸ் வேண்டும். கன்னம் அகன்று கழுத்து தடித்தது வளர்ந்த கடுவன். இளசுக்கு வாலடியைப் பார்க்க வேண்டும்: மலத்துவாரத்துக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி அதிகமாக, இரண்டும் வட்டப் புள்ளிகளாக இருந்தால் ஆண், நெருக்கமாக, கீழே உள்ளது சிறு கோடாக இருந்தால் பெண். நாலு மாதம் கடந்த பெட்டைக் குட்டியே சினைப்படக்கூடும் என்பதால் அந்தக் கறுப்பு இளசைக் குழந்தை என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் தப்புவது அதுதான்.

பெட்டைகளின் அடிவயிற்றையும் கவனிக்க வேண்டும். முலைக்காம்புகள் பெரிதாகி, இளஞ்சிவப்பாக, சுற்றியுள்ள முடி உதிர்ந்து சப்பையாகத் தெரிந்தால் எங்கோ குட்டி பால் குடிக்கிறது. மூவண்ணப் பெட்டையிடம் இந்த அடையாளம் இருந்து, குட்டி கண்ணில் படவில்லை என்றால், கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் அடுக்கின் பின்னால் தேட வேண்டும். கொத்தனாரிடம் கேட்டால் சொல்வார்.

அது யாருடைய பூனை என்பதையும் இந்த வாரத்திலேயே தீர்க்கலாம். ஜன்னலடியில் நிற்கிற மூவண்ணம் வாலைத் தூக்கிக்கொண்டு கிட்டே வருகிறது என்றால் அது யாரோ வளர்ப்பதாகவோ வளர்த்து விட்டதாகவோ இருக்கலாம். ஒரு அங்குல அகலத் தாள் பட்டையில் "இது உங்கள் பூனையா? கருத்தடை செய்யப் போகிறோம்" என்று போன் நம்பரோடு எழுதி, கழுத்தைச் சுற்றித் தளர்வாக செல்லோடேப் ஒட்டிவிட வேண்டும். கிளையில் மாட்டினால் கிழிகிற தாளாக இருக்கட்டும். நூல், ரப்பர் பேண்டு வேண்டாம், கழுத்தை அறுத்துவிடும். ஐந்து நாளில் அழைப்பு வரவில்லை என்றால் வேலையைத் தொடரலாம்.

குட்டிகளின் வயது: கண் மூடியிருந்தால் பத்து நாளுக்குள். கண் திறந்து காது மடிந்திருந்தால் இரண்டு வாரம். தள்ளாடி நடந்தால் மூன்று. ஓடி விளையாடி, தாயின் சாப்பாட்டை முகர்ந்தால் நாலு, ஐந்து. நீலக் கண் நிறம் மாறத் தொடங்கினால் ஆறு, ஏழு. எடை மாதத்துக்குச் சுமார் 450 கிராம் கூடும். இந்த வீட்டுக் குட்டிகள் பலகைக்கு வெளியே வந்து ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கின்றன. நாலு வாரம் என்று கொள்வோம். இனி எல்லாத் தேதியும் இதிலிருந்து எண்ணப்படும்.

எதைச் செய்யக் கூடாது, ஏன்

கோணிப்பை யோசனையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் தமிழ்நாட்டில் அதிகம் நடப்பது அதுதான். வேறு இடத்தில் விடப்பட்ட வளர்ந்த பூனை அங்கே தங்காது. பழைய இடத்தைத் தேடிக் கிளம்பி, தெரு நாய்களிடமோ சாலையிலோ சாகிறது. கொஞ்ச தூரம்தான் என்றால் திரும்பி வந்து நிற்கிறது. தாயைக் கொண்டுபோய் விட்டால் பலகைக்குப் பின்னால் மூன்று குட்டியும் இரண்டு நாள் கத்திச் சாகும். போன பூனையின் இடமும் காலியாக இருக்காது. மீன் தலையும் மணல் குவியலும் படிக்கட்டின் கீழ் இருட்டும் இருக்கும் வரை அடுத்த பூனை வரும். தாஸ்மேனியக் காடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூனைகளைப் பிடித்து அகற்றிய ஆய்வில், அகற்றிய இடங்களில் பூனை எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியது. இருந்தது போனதும் சுற்றுப்புறத்திலிருந்து புதியவை நுழைந்தன.

விஷம் வைப்பது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொன்றாலோ விஷம் கொடுத்தாலோ ஊனமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. பட்டினியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணே, நாலு வாரம் டைம் குடுங்க. ஒவ்வொண்ணா ஆபரேஷன் பண்ணிட்டு வரேன். இனி குட்டி போடாது. அதுவரைக்கும் உங்க கூண்டைச் சுவர்ல மாட்டி வைங்க" என்றால் பெரும்பாலும் எடுபடும். கூண்டின் அடித்தட்டு தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல், பக்கத்தில் ஏறி நிற்கத் திண்டோ ஸ்டூலோ இல்லாமல், கம்பிக்கு வெளியே இரண்டு அங்குல இடைவெளியில் இன்னொரு கோழிவலை: பறவைக்கு இதுதான் உண்மையான காப்பு.

அந்துருண்டையைக் கொல்லையில் இறைப்பது, மிளகாய்த்தூள் தூவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது மூன்றையும் கைவிட வேண்டும். அந்துருண்டையின் நாப்தலீன் பூனையின் ரத்த அணுக்களையும் ஈரலையும் கெடுக்கும், தவழும் குழந்தை வாயில் போட்டால் அதற்கும் அதே கதி. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, அதை நக்கி, கண்ணுக்குப் போகிறது. பூனை இடம் மாறாது, வேதனை மட்டும் மிஞ்சும்.

சாப்பாட்டைத் திடீரென நிறுத்தினால் பூனைகள் மறைந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவை குப்பைத் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் போகும், குட்டி போடுவதை நிறுத்தாது. அதைவிட முக்கியம், பிடிப்பதற்கு இருக்கும் ஒரே கைப்பிடியும் போய்விடும். நேரம் தவறாமல் சாப்பாடு வைக்கும் மாமியார்தான் இந்தக் காரியத்தில் மிகவும் தேவையான ஆள்.

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு ஜோடி ஏழு ஆண்டில் லட்சக்கணக்கில் பெருகும் என்று பரவும் கணக்கை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் பின்தொடர்ந்து பார்த்த 169 தெருக்குட்டிகளில் 127, ஆறு மாதத்துக்குள் செத்தோ காணாமலோ போயின. பெருக்கத்தைவிட இந்த மரணம்தான் எங்களை உறுத்துகிறது. கொல்லையில் பிறக்கும் நாலில் மூன்று சாவதற்காகவே பிறக்கிறது என்றால், பிறக்காமல் தடுப்பதே இரக்கம்.

வரிசை

ஆக, முடிவு: பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடுவது; குட்டிகளுக்கு வீடு தேடுவது. எந்த வரிசையில் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும்.

கார்க்காரர் முதலில் கடுவனைப் பிடிக்கச் சொல்வார். ஒரு கடுவனுக்கு அறுவை செய்தால் மூத்திர நாற்றம் குறையும், பிறப்பு குறையாது. பெட்டை பருவத்துக்கு வந்தால் நாலு தெரு தள்ளியிருந்து வேறு கடுவன் வருவான். எனவே பெட்டைகள் முதலில். அவற்றிலும் பால் கொடுக்காதவை முதலில். இரண்டாம் வாரம் மூவண்ணமும், பெட்டையாக இருந்தால் கறுப்பு இளசும். மூன்றாம் வாரம், குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகும்போது, தாயும் குட்டிகளும் ஒரே நாளில். நாலாம் வாரம் கடுவன். தவறிப்போய் கடுவன் முதலில் கூண்டில் விழுந்தால் விட்டுவிடாமல் அவனையே கொண்டுபோக வேண்டும்; ஒரு தடவை மாட்டிய கடுவன் இரண்டாம் தடவை சுலபத்தில் வராது.

தாயை "பால் வற்றட்டும்" என்று இன்னும் இரண்டு மாதம் விட்டுவைப்பது பொதுவாக நடக்கும் பிசகு. அதற்குள் அது மறுபடி சினையாகிவிடும். பால்மடி வீங்கியிருந்தால் வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாப்பக்கமாக அறுவை செய்யும் முறை உண்டு. மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார். நாலு வாரத்துக்குக் குறைந்த குட்டிகள் இருக்கும்போது மட்டும் தாயைத் தொட வேண்டாம்.

மூவண்ணம் சினையாக இருந்தால் என்ன என்பதை வீட்டார் கூண்டு வைப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். சினைக்காலத்தின் முற்பகுதியில் அறுவை செய்தால் கருவும் போகும். சிலருக்கு இது மனசுக்கு ஒப்பாது, அதை மதிக்க வேண்டும். அப்படியானால் அது ஈன்று, அந்தக் குட்டிகளுக்கும் வீடு தேடி, அதற்குப் பின் அறுவை என்று கூடுதலாக மூன்று, நாலு மாதப் பொறுப்பை ஏற்க வேண்டும். அறுவை மேசையில் வைத்து முடிவெடுப்பது மருத்துவருக்கும் நல்லதல்ல.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மாநகராட்சிகளின் கருத்தடைத் திட்டங்கள் பெரும்பாலும் நாய்களுக்கானவை. பூனைக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்களிலோ, விலங்கு நல அமைப்புகளிலோ, தனியார் மருத்துவரிடமோ கேட்டுப் பார்க்க வேண்டும். தேதி வாங்கிய பிறகுதான் கூண்டு. தேதி இல்லாமல் பிடித்த பூனையை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குளியலறையில் வைத்துக்கொண்டு அல்லாடக் கூடாது.

கையில் வராத பூனையைக் கூண்டோடு கொண்டுவந்தால் ஏற்பீர்களா, கூண்டுக்குள்ளேயே மயக்க ஊசி போடுவீர்களா? தானாகக் கரையும் தையல் நூல்தானே? (பத்தாம் நாள் தையல் பிரிக்கத் தெருப்பூனையை மறுபடி பிடிக்க முடியாது.) அதே மயக்கத்தில் காது நுனி வெட்டி, ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிட முடியுமா? எத்தனை எடையில் குட்டிக்கு அறுவை செய்வீர்கள்? எட்டு வாரமும் ஒரு கிலோவும் ஆன குட்டிக்குச் செய்பவர்களும் உண்டு, ஐந்து ஆறு மாதம் ஆகட்டும் என்பவர்களும் உண்டு. இரண்டாம் வகை என்றால் குட்டிகளை அதுவரை வெளியே விடக் கூடாது.

கூண்டு

நீளம் 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் 25 முதல் 30, உயரம் 30. இதைவிடச் சிறியதில் கதவு வாலிலோ இடுப்பிலோ விழும். வெல்டு மெஷ்ஷின் கண்ணி ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். பெரிய கண்ணியில் மூக்கை நுழைத்துத் தோல் உரித்துக்கொள்ளும். எலிப்பொறி செய்யும் பட்டறையில் சொல்லிச் செய்யலாம். கதவு விழுந்ததும் தானே பூட்டிக்கொள்ள வேண்டும், உள்ளிருந்து தலையால் முட்டினால் தூக்கக் கூடாது. பின்பக்கமும் மேலே இழுக்கும் கதவு வைத்தால் விடுவதும் வேறு கூண்டுக்கு மாற்றுவதும் எளிது.

மூன்று நாள் முன்பிருந்தே கதவைக் கம்பியால் கட்டித் திறந்தபடி வைத்து, வழக்கமான சாப்பாட்டைக் கூண்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் முழுக்கச் சாப்பாடு கிடையாது, தண்ணீர் உண்டு. இதைத் தெருவில் வைக்கும் மற்றவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஒரு வீட்டில் வயிறு நிறைந்தால் அன்றைய வேலை வீண். மாலை ஆறு மணிக்குக் கூண்டைச் சமதரையில் ஆடாமல் வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிதட்டுக்குப் பின்னால் ஒரு பொரித்த மத்தி அல்லது வதக்கிய கருவாடு. வாசலிலிருந்து உள்ளே வரை மீன் சாறு சொட்டுச் சொட்டாக. தட்டைத் தாண்டிக் குதித்துத் தின்றுவிட்டுப் போகும் கெட்டிக்காரப் பூனைக்கு, தட்டின் மேல் ஒரு நீள அட்டையை ஒட்டி அகலப்படுத்தலாம்.

எறும்பு மொய்த்தால் பூனை முகராது. அதற்காக எறும்புச் சாக்கால் கோடு கிழிக்க வேண்டாம். அதில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்தைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது, வலிப்பு வரும். கூண்டை நாலு செங்கல் மேல் சமமாக வைத்துச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கூண்டைப் பார்வையிலிருந்து விடவே கூடாது. கதவு விழுந்த நொடியில் பழைய படுக்கை விரிப்பால் முழுக்க மூட வேண்டும். இருட்டானதும் பூனை அடங்கும். மூடத் தாமதமானால் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்வதோடு, பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பூனைகளும் கூண்டைக் கண்டாலே ஓடும். கீரியும் பெருச்சாளியும்கூட மாட்டும்; கதவைத் திறந்து விலகி நில்லுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் கூண்டு வைப்பது கொலைக்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரமான பூனையை மயக்கத்துக்குக் கொண்டுபோவதும் ஆபத்து.

தாயைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. குட்டிகளை முதலில் கையுறையோடு எடுத்துச் சிறு கூடைக்கூண்டில் போட்டு, அதைப் பொறியின் பின்கதவுக்கு ஒட்டி வைத்து இரண்டையும் சேர்த்துத் துணியால் மூடினால், குட்டியின் குரலுக்குத் தாய் நேராகப் பொறிக்குள் போகும். குட்டிகளை வெயிலில் வைக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இத்தனையிலும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனைக்கடிக்கும் ரேபிஸ் ஊசி உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் தேவை. மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம்.

அறுவைக்குப் பின்

மயக்கத்திலிருந்து எழும் பூனை உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. மொசைக் தரையில் வெறும் கூண்டை வைத்தால் குளிர்ந்தே செத்துவிடும். அடியில் இரண்டு அடுக்கு அட்டை, மேலே துணி, காற்று போக ஒரு பக்கம் திறப்பு, மின்விசிறி வேண்டாம். தலை நிமிர்ந்து சுயமாக உட்காரும் வரை தண்ணீர்கூட உள்ளே வைக்கக் கூடாது. மயக்கத்தில் முகம் கவிழ்ந்தால் கிண்ணத்திலேயே மூச்சு முட்டும். அன்று இரவு பாதி அளவு சாப்பாடு.

தையலில் ஓரிரு சொட்டு ரத்தம் இயல்பு. சொட்டிக்கொண்டே இருந்தால், ஈறு வெளுத்தால், மாலை வரை எழவில்லை என்றால் உடனே மருத்துவரிடம். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. அது பூனையைக் கொன்றுவிடும்.

கடுவனை 24 மணி நேரத்திலும், பெட்டையை 48 மணி நேரம் ஒட்டியும் விடலாம். பால் கொடுக்கும் தாய் முழுத் தெளிவு பெற்றதும், குட்டிகள் இன்னும் வெளியே இருந்தால் அன்றிரவே. விடுவது பிடித்த அதே இடத்தில், பொதுவாகக் காலையில், மதிலை நோக்கிக் கதவைத் திறந்து. காரில் ஏற்றிப் "பாதுகாப்பான" பூங்காவில் விடுவது கோணிப்பைக்குச் சமம்.

குட்டிகளுக்கு வீடு

மனிதரிடம் பழகும் வாசல் இரண்டாம் வாரத்தில் திறந்து ஏழாம் வாரத்தில் பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. ஆறாம் வாரத்தில் உள்ளே எடுப்பது கடைசி வண்டி. ஒரு சிறு அறை போதும். பெரிய அறை வேண்டாம், கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும். சாப்பாட்டைக் கையிலிருந்தே, ஒரு நாளைக்கு நாலு வேளை. சீறும் குட்டி பொதுவாக ஒரு வாரத்தில் மடியில் ஏறும். குடற்புழு மருந்து எடை பார்த்து மருத்துவர் தருவார். எட்டு வாரத்தில் மூன்று நோய்களைத் தடுக்கும் முத்தடுப்பூசி, அதிலிருந்து மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி, பன்னிரண்டு வாரத்தில் ரேபிஸ்.

பயப்பட வேண்டியது பான்லூக்கோபீனியா வைரஸ். நேற்றுவரை ஓடிய குட்டி சாப்பிடாமல், வாந்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தருகே குறுகிக் கிடக்கும். ஓரிரு நாளில் போய்விடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை நிற்கும். இறப்பு நடந்த அறையில் தடுப்பூசி போடாத குட்டியை வைக்கக் கூடாது. தரையைச் சோப்பால் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி வீட்டுப் பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும்.

குட்டியைக் கொடுக்கும்போது அறுவைத் தேதியையும் சேர்த்தே கொடுங்கள். முடிந்தால் அறுவை செய்தபின் கொடுங்கள். இந்தப் பகுதி துணை வேலை போலத் தோன்றும், அப்படி இல்லை. சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை இதே முறையில் 155 பூனைகளைக் கணக்கில் வைத்தார்கள். 1996இல் 68 ஆக இருந்தது 2002இல் 23 ஆனது; 1995க்குப் பின் அங்கே குட்டி பிறக்கவில்லை. அந்த 155இல் 47 சதவீதம் தத்துக்குப் போனவை. அறுவை புதிய பிறப்பை நிறுத்தியது. எண்ணிக்கையைச் சட்டென இறக்கியது வீடு கிடைத்ததுதான்.

மருமகளின் பயம்

கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பூனை, முதல் தடவை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் மலத்தில் வெளியேற்றுகிறது. மலம் கழித்த உடனே அது தொற்றாது. பக்குவமாகக் குறைந்தது ஒரு நாள் ஆகும். ஆகவே தினமும் மலத்தை அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு போய்விடும். அள்ளுவது வேறொருவராக இருக்க வேண்டும். கர்ப்பிணி தோட்ட மண்ணைக் கிளறினால் கையுறை. முருங்கைக்கீரை, கொத்தமல்லியை மூன்று தண்ணீரில் அலசுவது. ஆட்டிறைச்சியை முழுக்க வேகவைப்பது. வேகாத இறைச்சி வழியாகத் தொற்றுவது பூனையைத் தடவுவதைவிட அதிகம். பழைய தொற்று இருந்ததா என்று ரத்தப் பரிசோதனை செய்ய மகப்பேறு மருத்துவரிடம் கேட்கலாம். பூனை முடியை விழுங்கினால் தொண்டையடைப்பு வரும் என்பது பயமுறுத்தல். ஒவ்வாமை இருப்பவருக்கு மட்டும் எச்சிலில் உள்ள புரதத்தால் தும்மலும் இழைப்பும் வரும்.

மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடி ஓரங்களில் கல் வைக்க வேண்டும். பூனைகளுக்கு வேறு கழிப்பிடம் தராமல் மூடினால் துளசித் தொட்டிக்கு வரும். முருங்கைக்குப் பின்னால் மூன்றடிச் சதுரத்தில் அரையடி ஆழத்துக்கு மணல் கொட்டி, காய்ந்ததாக வைத்து, தினமும் அள்ளவும். கீரைப் பாத்தியில் மண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே கோழிவலை விரித்தால் தோண்ட முடியாது, செடி வலைக்கண் வழியே வளரும்.

நாற்றமும் காரும்

கடுவனுக்கு அறுவை ஆனபின் மூத்திரம் அடிக்கும் பழக்கம் பெரும்பாலானவற்றில் குறைந்து நின்றுவிடும், உடனே அல்ல. ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். அந்த வாரங்களில் அவன் பெட்டையைச் சினைப்படுத்தவும் முடியும். பழைய நாற்றம் இருக்கும் வரை அதே இடத்தில் மறுபடி அடிக்கத் தோன்றும். பினாயிலும் டெட்டாலும் ஊற்றக் கூடாது: பாதத்தை நக்கும்போது அந்தப் பினால் பூனைக்கு நஞ்சு. மூத்திரத்தின் மேல் நேராகப் பிளீச் ஊற்றினால் எழும் வாயு உங்கள் நுரையீரலுக்குக் கெடுதல். முதலில் சலவைத்தூள் கரைசலில் தேய்த்து அலச வேண்டும், பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை நனைய ஊற்றித் தானாகக் காயவிட வேண்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் பானெட்டை இரண்டு தட்டு. மழை இரவுகளில் என்ஜின் சூட்டுக்கு இளசுகள் உள்ளே ஏறிவிடும்.

சாப்பாடு

நேரம் ஒன்று, இடம் ஒன்று, அரைமணி நேரம். மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். இரவெல்லாம் கிடக்கும் தட்டுதான் பெருச்சாளியையும் புதுக் கடுவனையும் அழைக்கிறது. நாலு கிலோப் பூனைக்கு நாளொன்றுக்கு உலர் தீவனம் 55 முதல் 60 கிராம். வீட்டுச் சாப்பாடு என்றால் மீனையோ கோழியையோ வேகவைத்து முள், எலும்பு நீக்கி, சோறு கால் பங்குக்கு மிகாமல். வெறும் சோறும் குழம்பும் மட்டுமே தின்னும் பூனைக்கு டாரின் சத்துக் குறைந்து கண்ணும் இதயமும் கெடும். பச்சை மத்தியை நாள்தோறும் போட்டால் அதிலுள்ள நொதி பி1 வைட்டமினை அழிக்கும், ஆகவே அவித்துப் போடவும். வெங்காயம் வதக்கிய குழம்பு வேண்டாம். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும், தண்ணீர்தான் வேண்டும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற இடத்தை ஒட்டியோ, நீர்ப்பறவை கூடு கட்டும் ஏரிக்கரையிலோ வீடு இருந்தால் இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கருத்தடை ஆன பூனையும் வேட்டையாடும், வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டையாடும். அங்கே பழகக்கூடிய எல்லாவற்றையும் வீட்டுக்குள் வளர்ப்பவரிடம் சேர்ப்பதும், எஞ்சியவற்றுக்கு வலையடித்த வளாகம் தேடுவதும் முதல் வேலை. கொல்லையில் தட்டு வைத்துக் கூட்டம் சேர்ப்பதை அங்கே நாங்கள் ஏற்கமாட்டோம். சாதாரணத் தெருவிலும் அணில் குட்டி போடும், தவிட்டுக்குருவி குஞ்சு பொரிக்கும் காலத்தில் விடியலுக்கு முன் பூனைக்குச் சாப்பாடு வைத்துவிடுவது கொஞ்சம் உதவும்.

ஒரு ஆண்டு

ஏழில் மூன்று குட்டி வீடு போனால் கொல்லையில் நாலு இருக்கும், நாலுக்கும் காது வெட்டியிருக்கும். மாதம் ஒரு தடவை அதே நோட்டில் எண்ண வேண்டும். முழுக்காதோடு புது முகம் ஒன்று மூன்று நாள் தொடர்ந்து தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் தேதி கேளுங்கள். ஒரு கூட்டம் சுருங்க 71 முதல் 94 சதவீதப் பூனைகள் கருத்தடை ஆகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கத் திட்டங்கள் இரண்டின் தரவுகளை வைத்து 2005இல் வந்த கணக்கு சொல்கிறது. நாலு பூனையுள்ள கொல்லையில் ஒரு பெட்டை விடுபட்டாலே மீதி உழைப்பு கரைந்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை ரேபிஸ் ஊசிக்கு எல்லாவற்றையும் மறுபடி பிடிக்க முடியாது. கைக்கு வருபவற்றுக்கு மட்டுமாவது போட வேண்டும்.

வாடகை வீடு என்றால் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே சாப்பாட்டுத் தட்டை, தெருவில் பொறுப்பெடுப்பவர் வாசலை நோக்கி நாளுக்கு ஐந்தாறு அடியாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். பூனை தட்டின் பின்னால் வரும். படங்கள், அறுவைத் தேதிகள், ஊசி விவரம், மருத்துவர் நம்பர் எல்லாம் உள்ள நோட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள், கூண்டையும்.